வடம் இழுத்தால் டீம் உருவாகுமா? ஆபீஸ் விளையாட்டுகள் பற்றி ஆய்வுகளும் மூணாறும் சொல்வது என்ன?

ஓணம் வாரத்தில் வாளையாறு தாண்டி எந்த ஆபீஸுக்குப் போனாலும் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். ரிசப்ஷனில் பூக்களம், கேன்டீனில் இலை போட்டுச் சத்யா, பார்க்கிங்கில் வடம்வலி. அதாவது நம்ம ஊர் கயிறு இழுக்கும் போட்டி. அக்கவுண்ட்ஸ் ஒரு பக்கம், சேல்ஸ் மறுபக்கம். மேனேஜர் கையில் விசில்.

பாலக்காட்டில் மட்டும் இல்லை. கோயம்புத்தூர் கம்பெனிகளிலும் இதே காட்சிதான். ஓணத்துக்கு அங்கே உள்ளூர் விடுமுறையே விடுகிறார்கள். காலையில் கோவையில் பஸ் ஏறி கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் இறங்குபவர்களும், பாலக்காட்டில் ரயில் ஏறி கோவை ஐ.டி. பார்க்குக்கு வருபவர்களும் இருக்கும் பகுதி இது. ஒரே டீமில் தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும்.

ஓணம் முடிந்தால் அடுத்தது 'டீம் அவுட்டிங்'. வெள்ளிக்கிழமை மதியம் ஹெச்.ஆர். மெயில் வரும்: மூணாறு, இரண்டு நாள், 'ஃபன் ஆக்டிவிட்டீஸ்' உண்டு. சிலருக்கு சந்தோஷம். சிலருக்கு 'ஐயோ, சனிக்கிழமையும் போச்சா' என்ற எண்ணம்.

இந்த விளையாட்டுகளால் உண்மையிலேயே ஒரு டீம் உருவாகுமா? எந்த விளையாட்டு எதற்கு உதவும்? எது விளையாட்டால் தீராது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கயிறு இழுக்கும்போது என்ன நடக்கிறது?

கயிற்றிலிருந்தே தொடங்கலாம். ஏனென்றால் டீம் வேலை பற்றிய மிகப் பழைய ஆய்வுகளில் ஒன்று கயிறு இழுப்பதைப் பற்றியதுதான்.

மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880களில் ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் இழுக்க வைத்து அளந்தார். முடிவுகள் 1913ல் வெளிவந்தன. அந்த அட்டவணையின்படி, ஒருவர் தனியாக இழுக்கும் பலம் 100% என்றால், 2 பேர் சேரும்போது தலைக்கு 93% ஆகிறது. 3 பேருக்கு 85%. 8 பேர் சேர்ந்தால் 49% மட்டுமே.

கணக்குப் போட்டுப் பாருங்க. 8 பேர் இழுக்கிறார்கள், ஆனால் கயிற்றில் விழுவது கிட்டத்தட்ட 4 பேரின் பலம். மீதி 4 பேரின் பலம் எங்கே போனது?

இரண்டு காரணங்கள். ஒன்று, ஒரே நேரத்தில், ஒரே திசையில் எல்லோரும் இழுப்பதில்லை. இது ஒருங்கிணைப்புக் குறை. இரண்டாவது, 'நான் கொஞ்சம் விட்டாலும் யாருக்குத் தெரியப்போகுது' என்ற மனநிலை.

இரண்டாவது காரணம் நிஜம்தானா என்று 1974ல் ஆலன் இங்கமும் அவருடைய குழுவினரும் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் மற்றவர்களும் இழுப்பதாக நம்ப வைத்தார்கள். உண்மையில் அவர் மட்டும்தான் இழுத்தார். அப்படியும், தனியாக இழுப்பதாகத் தெரிந்தபோது இழுத்ததைவிடக் குறைவாகவே இழுத்தார். 1979ல் பிப் லட்டானேயும் சகாக்களும் கைதட்டல், கூச்சல் இரண்டிலும் இதையே கண்டார்கள். இதற்குப் பெயர் 'சோஷியல் லோஃபிங்'. நம்ம மொழியில் சொன்னால், கூட்டத்தில் ஓபி அடிப்பது.

இதற்கு மருந்தும் கண்டுபிடித்தார்கள். 1981ல் அதே ஆய்வாளர்கள் செய்த தொடர் சோதனையில், கூட்டத்தோடு கத்தினாலும் தன்னுடைய சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தவர்களிடம் ஓபி கிட்டத்தட்ட மறைந்துபோனது.

ஆபீஸுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. ஒருவருடைய பங்கு கண்ணுக்குத் தெரிந்தால் அவர் இழுப்பார். தெரியாவிட்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 12 பேரை ஒரே சத்தத்தில் கத்த வைக்கும் விளையாட்டைவிட, 4 பேருக்கு 4 தனி வேலை கொடுக்கும் விளையாட்டு நல்லது என்பது இதனால்தான்.

டீம் பில்டிங் பலன் தருகிறதா?

இதைப் பற்றி இரண்டு முக்கியமான தொகுப்பாய்வுகள் இருக்கு. இரண்டிலும் எட்வர்டோ சாலஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் பங்கு உண்டு.

1999ல் வந்த முதல் தொகுப்பாய்வில், டீம் பில்டிங்கால் செயல்திறன் கூடியதற்கு ஒட்டுமொத்தமாகத் தெளிவான பலன் தெரியவில்லை. யார் என்ன வேலை செய்கிறார் என்பதைத் தெளிவாக்கும் பயிற்சிகளில் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது.

2009ல் வந்த இரண்டாவது ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தந்தது. மிதமான பலன் இருக்கு என்றது. ஆனால் அதிகப் பலன் தந்தவை இரண்டு: பொதுவான இலக்கை முடிவு செய்வது, அவரவர் பொறுப்பைத் தெளிவாக்குவது. 'எல்லோரும் நண்பர்கள் ஆகலாம் வாங்க' வகைப் பயிற்சிகள் அந்த அளவுக்கு இல்லை.

இன்னொரு பக்கம், ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சனின் ஆய்வு. 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி ஆராய்ந்தார். நல்ல டீம்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அந்த டீம்கள் அதிகமாகத் தவறு செய்தன என்று அர்த்தமில்லை. தவறு நடந்தால் வெளியே சொல்லும் தைரியம் அங்கே இருந்தது. இதை அவர் 1999ல் 'சைக்கலாஜிக்கல் சேஃப்டி' என்று விளக்கினார். வாயைத் திறந்தால் அடி விழாது என்ற நம்பிக்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் 2012ல் தொடங்கிய 'புராஜெக்ட் அரிஸ்டாட்டில்' ஆய்வில் சுமார் 180 டீம்களை அலசினார்கள். டீமில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட அவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. பட்டியலில் முதலிடம் இந்த நம்பிக்கைக்குத்தான்.

ஆக, ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும். ஒவ்வொருவரின் பங்கும் தெரிகிறதா? பொறுப்பு தெளிவாகிறதா? தப்பாகச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே அடுத்ததுக்குப் போக முடிகிறதா?

சீக்கிரம் ஆடக்கூடிய 7 விளையாட்டுகள்

இவற்றில் எதற்கும் ரிசார்ட் தேவையில்லை. மீட்டிங் ரூமோ மொட்டை மாடியோ போதும். வேலை நேரத்திலேயே ஆடலாம்.

1. ஒரு சொல், இரண்டு பொருள் (10 நிமிடம்)

எல்லைப் பகுதி ஆபீஸுக்கென்றே பொருந்தும் விளையாட்டு இது. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களைச் சீட்டில் எழுதுங்க. தமிழ் பேசுபவர் மலையாளப் பொருளையும், மலையாளம் பேசுபவர் தமிழ்ப் பொருளையும் ஊகிக்கணும்.

தொடங்க நான்கு சொற்கள். 'வெள்ளம்': நமக்கு ஊரே மூழ்குவது, அவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர். 'பனி': நமக்கு மார்கழிக் காலை, அவர்களுக்குக் காய்ச்சல். 'சம்சாரம்': நமக்கு மனைவி, அவர்களுக்குப் பேச்சு. 'அவசரம்': நமக்கு உடனே முடிக்கவேண்டியது, அவர்களுக்கு வாய்ப்பு.

கடைசிச் சொல்லைக் கவனிங்க. ஒரே சொல்லை ஒருவர் நெருக்கடியாகவும் இன்னொருவர் வாய்ப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும், 'நம்ம ஆபீஸில் இப்படி ஆளுக்கொரு பொருளில் புரிந்துகொள்ளும் சொல் எது?' என்று கேளுங்க. 'முடிஞ்சது' என்ற சொல்லே பெரும்பாலும் மாட்டும். ஒருவருக்கு அது கோடு எழுதி முடித்தது, இன்னொருவருக்கு டெஸ்ட் பண்ணிக் கிளையன்ட்டுக்கு அனுப்பியது.

2. பேசாமல் வரிசை (5 நிமிடம்)

8 முதல் 20 பேர். பிறந்த மாதம், தேதிப்படி வரிசையாக நிற்கணும். வாய் திறக்கக் கூடாது, எழுதவும் கூடாது, சைகை மட்டும். வருடம் வேண்டாம். வயதைச் சொல்ல எல்லோருக்கும் விருப்பம் இருக்காது. கடைசியில் ஒவ்வொருவராகத் தேதியைச் சொல்லிச் சரிபார்க்கலாம்.

யார் முதலில் விரல் நீட்டி மாதத்தைக் காட்ட ஆரம்பித்தார், மற்றவர்கள் அதை எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்பதைப் பாருங்க. மீட்டிங்கில் அதிகம் பேசாத ஒருவர் இதில் முன்னால் வருவது அடிக்கடி நடக்கும்.

3. முதுகோடு முதுகு (10 நிமிடம்)

இரண்டு இரண்டு பேராக முதுகு காட்டி உட்காரணும். ஒருவர் கையில் வட்டம், சதுரம், முக்கோணம் கலந்த ஒரு படம். அவர் விவரிக்க, மற்றவர் வரையணும். முதல் சுற்றில் வரைபவர் கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாவது சுற்றில் வேறு படம், கேள்வி கேட்கலாம்.

1951ல் ஹரால்ட் லீவிட், ரொனால்ட் முல்லர் இருவரும் இதே மாதிரியான சோதனையைச் செய்திருக்கிறார்கள். கேள்வி கேட்க அனுமதித்தால் நேரம் கூடுகிறது, ஆனால் துல்லியமும் தன்னம்பிக்கையும் கூடுகின்றன என்பது முடிவு. 'மெயிலில்தான் எல்லாம் இருக்கே' என்று சொல்லும் மேனேஜரை முதல் சுற்றில் வரையும் பக்கம் உட்கார வைங்க.

4. பேப்பர் கோபுரம் (18 நிமிடம்)

உலகம் முழுக்கப் பிரபலமான 'மார்ஷ்மெல்லோ சேலஞ்ச்' விளையாட்டின் உள்ளூர் வடிவம். பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் 4 பேருக்கு 20 ஸ்பகெட்டிக் குச்சி, ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ. 18 நிமிடத்தில் தானாக நிற்கும் கோபுரம் கட்டி உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்கணும். நாம் பழைய செய்தித்தாள், செல்லோடேப், உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

டாம் வூஜெக் 2010ல் தன் டெட் உரையில் சொன்னது சுவாரஸ்யமானது. எம்.பி.ஏ. படித்து முடித்தவர்களைவிடக் கிண்டர்கார்டன் குழந்தைகள் உயரமாகக் கட்டினார்களாம். பெரியவர்கள் திட்டம் போட்டு, யார் தலைவர் என்று பேசி, கடைசி நொடியில் உச்சியில் வைக்க, மொத்தமும் சரிந்துவிடும். குழந்தைகள் முதலிலேயே உச்சியில் வைத்துப் பார்த்து, விழ விட்டு, திரும்பக் கட்டுவார்கள். எலுமிச்சம்பழத்தை 17வது நிமிடத்தில் வைக்காதீங்க, 3வது நிமிடத்திலேயே வைங்க.

5. ஆளுக்கு ஒரு நிறம் (20 நிமிடம்)

பூக்களத்தின் அல்லது கோலத்தின் சின்ன வடிவம். 5 பேர், 5 நிறப் பொடி அல்லது பூ. ஒருவர் ஒரு நிறத்தை மட்டும்தான் தொடலாம். வடிவத்தை முதல் 3 நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யணும். பாதியில் ஒரு நிறத்தை வேறொருவரிடம் கைமாற்றச் சொல்லுங்க. விட்டுச் செல்பவர் புதியவருக்கு 30 நொடிதான் விளக்கலாம்.

இங்கே ஓபி அடிக்க வழியில்லை. மஞ்சள் காலியாக இருந்தால் மஞ்சள் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். லீவில் போகும்போது வேலையைக் கைமாற்றுவதில் என்ன விட்டுப்போகிறது என்பதும் 30 நொடியில் புரிந்துவிடும்.

6. இதுக்கு என்னைக் கேளு (10 நிமிடம்)

இது பார்க்க விளையாட்டு மாதிரியே இருக்காது. ஆனால் ஆய்வுகள் பக்கம் நின்று பார்த்தால் இந்தப் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்.

ஒவ்வொருவரும் இரண்டு சீட்டு எழுதணும். ஒன்றில் 'இதுக்கு என்னைக் கேளு', இன்னொன்றில் 'இதுக்கு எனக்கு உதவி வேணும்'. பெயர் போடாமல் குலுக்கி, ஒவ்வொன்றாகப் படித்து யாருடையது என்று ஊகிக்கணும். எக்செல் மேக்ரோ, ஜி.எஸ்.டி. ஃபைலிங், கோபமான கிளையன்ட்டிடம் பேசுவது, மலையாளத்தில் லெட்டர் எழுதுவது என்று எதுவும் வரலாம்.

உதவிச் சீட்டை மேனேஜர் முதலில் தன் வாயால் படிக்கட்டும். 'எனக்கு இது தெரியாது' என்று மேலே இருப்பவர் சொன்னால்தான் கீழே இருப்பவரும் சொல்வார்.

7. வடம் இழுத்தல் (15 நிமிடம்)

1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்ஸிலேயே இருந்த விளையாட்டு இது. சர்வதேச விதிப்படி பக்கத்துக்கு 8 பேர். கயிற்றின் நடுக்குறியை 4 மீட்டர் தன் பக்கம் இழுத்தவர்கள் வெற்றி. டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரிக்காதீங்க. சீட்டுக் குலுக்கிப் பிரிங்க. எடை இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். முதல் சுற்றைச் சத்தமில்லாமல் இழுங்க. இரண்டாவது சுற்றில் ஒருவர் தாளம் சொல்ல, அந்தத் தாளத்துக்கு இழுங்க. ரிங்கல்மன் சொன்ன ஒருங்கிணைப்புக் குறை என்ன என்பது கைக்கே புரியும்.

ஒரு எச்சரிக்கை. கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றவே கூடாது. 1997 அக்டோபரில் தைவானின் தைபே நகரில் சுமார் 1,600 பேர் இழுத்த போட்டியில் கயிறு அறுந்து இரண்டு பேருக்குக் கை துண்டானது. நைலான் கொடிக்கயிறு, பழைய கயிறு இரண்டும் வேண்டாம். கெட்டியான வடக்கயிறு, காலில் ஷூ, கீழே மண் தரை இருந்தால்தான் ஆடணும். முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆடவேண்டியதில்லை. ஏன் ஆடவில்லை என்று யாரிடமும் கேட்கவும் வேண்டாம்.

விளையாட்டே இல்லாமலும் ஒரு வழி இருக்கா?

இருக்கு. சேர்ந்து டீ குடிப்பது.

எம்.ஐ.டி.யின் அலெக்ஸ் பென்ட்லண்ட் 2012ல் ஒரு வங்கியின் கால் சென்டர் அனுபவத்தை எழுதினார். அங்கே ஊழியர்களுக்கு இடைவேளை ஒருவர் பின் ஒருவராகத்தான் கிடைக்கும். அதை மாற்றி, ஒரு டீமில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை கொடுக்கச் சொன்னார். பின்தங்கியிருந்த டீம்களில் ஒரு அழைப்பை முடிக்க ஆகும் சராசரி நேரம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கால் சென்டர் முழுவதற்கும் 8% குறைந்தது. செலவு? கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. கஷ்டமான கஸ்டமரை எப்படிச் சமாளிப்பது என்பதை டீ குடிக்கும்போதுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஆடி முடித்ததும் என்ன செய்யணும்?

பல ஆபீஸ்களில் குரூப் போட்டோவோடு விளையாட்டு முடிந்துவிடும். அதற்கு முன் 5 நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்வி கேளுங்க. எங்கே சிக்கினோம்? யார் செய்த எந்தச் சின்ன விஷயம் உதவியது? திங்கட்கிழமை வேலையில் எதை மாற்றலாம்? மூன்றாவது கேள்விக்கு ஒரே ஒரு பதிலை எழுதி, செய்யப்போகிறவர் பெயரையும் தேதியையும் போடுங்க.

பலன் இருக்கா என்று அளக்க ஆசைப்பட்டால் ஒரே ஒரு கேள்வி போதும்: 'இந்த டீமில் நான் ஒரு தவறு செய்தால் அதைத் தயங்காமல் சொல்ல முடியும்', 1 முதல் 5 வரை மார்க். பெயர் இல்லாமல், விளையாட்டுகள் தொடங்கும் முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை. சராசரியை மட்டும் பார்க்காதீங்க. 5 மார்க் போட்டவர்கள் 6 பேர், 1 மார்க் போட்டவர்கள் 4 பேர் என்றால் சராசரி 3.4. பார்க்கச் சுமாராகத் தெரியும். உண்மையில் அங்கே இருப்பது இரண்டு டீம்.

வர விருப்பம் இல்லை என்றால்?

சொல்லத் தயங்கும் கேள்வி, ஆனால் பலருக்கும் இருக்கும் கேள்வி. சின்னக் குழந்தை வீட்டில் இருப்பவர், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்பவர், கூட்டத்தில் ஆட வெட்கப்படுபவர், மாற்றுத்திறனாளி, குடிக்காதவர், வாரத்தில் ஒரு நாள்தான் தூங்கக் கிடைக்கும் என்பவர். 'டீம் ஸ்பிரிட் இல்லை' என்ற பட்டம் இவர்களுக்குத்தான் சீக்கிரம் கிடைக்கும்.

2022 நவம்பரில் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே பிரச்னையில் தீர்ப்பு சொன்னது. குடியும் கூத்துமாக இருந்த கம்பெனியின் 'ஜாலி' கலாசாரத்தில் கலந்துகொள்ளாத ஊழியரை, அதற்காக வேலையைவிட்டு நீக்க முடியாது என்றது. அது அவருடைய கருத்துச் சுதந்திரம் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. இந்தியாவில் அந்தத் தீர்ப்பு செல்லாது. ஆனால் கேள்வி இங்கேயும் அதேதான்.

இங்கே செல்லும் ஒரு சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. இதில் 'பணியிடம்' என்பது ஆபீஸ் கட்டடம் மட்டும் இல்லை. வேலை தொடர்பாகப் போகும் இடமும், அதற்காகக் கம்பெனி ஏற்பாடு செய்யும் வண்டியும் அதில் அடங்கும். கம்பெனி கூட்டிப்போகும் ரிசார்ட்டில் நடந்தது, திரும்பி வரும் பஸ்ஸில் நடந்தது என்றாலும் புகார் கொடுக்கலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்கணும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரணும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை குழு அவகாசம் தரலாம். 'அது ஆபீஸ் நேரம் இல்லையே', 'விளையாட்டுக்குத்தானே' என்ற பதில்கள் சட்டத்தின் முன் நிற்காது.

தொட்டுத் தூக்கும் விளையாட்டு, கண்ணைக் கட்டி நடத்திப்போகும் விளையாட்டு, தோற்றவருக்குத் தண்டனை, சொந்த வாழ்க்கையைக் கிண்டும் கேள்விகள் ஆகிய நான்கையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

மூணாறு என்ன சொல்கிறது?

அவுட்டிங் போகும் மூணாறுக்கே வருவோம். ரிசார்ட் பால்கனியில் நின்று பார்த்தால் கீழே தெரிவது தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை என்று இடுக்கியின் எல்லைத் தாலுகாக்களில் தமிழ் இன்றும் வீட்டு மொழி.

இங்கே வேலை செய்பவர்களுக்கான விளையாட்டு புதிதல்ல. மூணாறு எஸ்டேட்டுகளுக்கு இடையே ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி 1940களில் தொடங்கியது. அப்போது தோட்டங்களை நடத்திய ஸ்காட்லாந்து கம்பெனியான ஜேம்ஸ் ஃபின்லேயின் பெயர் அது. கம்பெனி கைமாறி டாடாவிடம் போன பிறகும் போட்டி தொடர்ந்தது. எஸ்டேட்டுக்கு ஒரு டீம், பழைய மூணாறு மைதானம், சுற்றிலும் எல்லா லயங்களிலிருந்தும் வந்த கூட்டம்.

2005ல் டாடா டீ இந்தத் தோட்டங்களிலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய கம்பெனி உருவானது. அதில் தொழிலாளர்களே பங்குதாரர்கள். சுமார் 12,000 பேர் வேலை செய்யும் கம்பெனியில் கொழுந்து பறிப்பவர் கையிலும் பங்கு இருக்கு. 'எல்லோரும் ஒரே டீம்' என்று வாயால் சொல்லும் கம்பெனிகள் நிறைய. காகிதத்திலும் அப்படி எழுதிய கம்பெனி இது.

அப்படியும் 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு போனஸ் 10% என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அவர்கள் கேட்டது 20%. அரசியல் கட்சிகளும் தொழிற்சங்கத் தலைவர்களும் பக்கத்தில் வர வேண்டாம் என்றார்கள். 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அரசு நடத்திய பேச்சுவார்த்தையில் 8.33% போனஸ், 11.67% கருணைத்தொகை என மொத்தம் 20% முடிவானது. ஒன்பது நாள் போராட்டம். அடுத்த மாதம் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது.

ரிங்கல்மன் அட்டவணைக்கு நேர் எதிரான காட்சி இது. கூட்டம் பெருகப் பெருகத் தலைக்கு இழுக்கும் பலம் குறையவில்லை. இலக்கு எல்லோருக்கும் ஒன்று, அது ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் தொட்டது. பல வருடம் ஒரே மலையில், ஒரே வரிசையில் நின்று கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு யாரும் ஐஸ்பிரேக்கர் நடத்தவில்லை.

இதில் கம்பெனிகளுக்கும் ஒரு பாடம் இருக்கு. கால்பந்து நல்ல விஷயம், பங்கு நல்ல விஷயம். ஆனால் போனஸ் பற்றிய கேள்விக்கு கால்பந்து பதில் ஆகாது. குறையைச் சொல்ல உள்ளே வழி இல்லை என்றால், மக்கள் சாலையில் உட்கார்ந்து சொல்வார்கள். ஐ.டி. கம்பெனிகளில் சாலைக்கு வர மாட்டார்கள். சத்தமில்லாமல் பேப்பர் போட்டுவிட்டுப் போவார்கள்.

சரி, திங்கட்கிழமை என்ன செய்யலாம்?

நீங்க டீம் லீட் என்றால்: மாதத்தில் ஒருமுறை, வேலை நேரத்தில், 20 நிமிடத்துக்குள் ஒரு விளையாட்டு. விருப்பம் உள்ளவர்கள் ஆடட்டும், மற்றவர்கள் நேரம் பார்க்கட்டும், மார்க் போடட்டும். அதுவும் ஒரு பங்குதான். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் 'இதுக்கு என்னைக் கேளு'வில் தொடங்குங்க.

நீங்க ஹெச்.ஆர். என்றால்: அவுட்டிங்குக்கு வார நாளை ஒதுக்கப் பாருங்க. சனி, ஞாயிறுதான் என்றால் மாற்று விடுப்பு கொடுங்க. உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் அவுட்டிங் மெயிலிலேயே இருக்கட்டும்.

நீங்க புதிதாகச் சேர்ந்தவர் என்றால்: விளையாட்டில் ஜெயிப்பது முக்கியம் இல்லை. உங்க டீமில் 'எனக்கு இது புரியல' என்று முதலில் சொல்வது யார், அதற்கு மற்றவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று கவனிங்க. நீங்க எப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறீங்க என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வடம் இழுக்கும்போதும் அப்படித்தான். ஜெயிக்கும் பக்கத்தில் எல்லோரும் ஒரே தாளத்தில் காலை ஊன்றியிருப்பார்கள். தன் பங்கு என்ன என்று தெரிந்திருக்கணும், தாளம் தப்பினால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல முடியணும், ஜெயித்த பிறகு கிடைப்பதில் தனக்கும் பங்கு உண்டு என்ற நம்பிக்கை இருக்கணும். முதல் இரண்டையும் 20 நிமிட விளையாட்டில் பழகலாம். மூன்றாவதைச் சம்பளப் பட்டியலிலும் லீவு ரிஜிஸ்டரிலும்தான் காட்ட முடியும்.